சாயப்பட்டறையில் ரசாயனக் கசிவு: புகையையும் வாசத்தையும் வைத்து என்ன செய்வது

திருப்பூர், ஈரோடு, பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை, பிளீச்சிங் யூனிட், ஈடிபி (கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம்) என்று வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. கசிவு ஒவ்வொரு முறையும் புதிதாக வருவதில்லை. அதே ஐந்தாறு ரசாயனங்கள், அதே கேஸ்கெட், அதே திறந்து கிடந்த டிரம் மூடி. கசிவைப் பெரிதாக்குவதும் பெரும்பாலும் ஒரே காரியம்தான்: என்ன கொட்டியது என்று தெரியாமலே யாரோ ஹோஸ் பைப்பைத் திறந்துவிடுவார், அல்லது மரத்தூளை அள்ளிப் போடுவார். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும், பொருள் இன்னதென்று தெரியும்வரை அதன்மேல் தண்ணீர் உட்பட எதையும் கொட்டாதீர்கள்.

## எந்தப் புகையாக இருந்தாலும் முதல் ஒரு நிமிடம்

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். காற்றாடித் துணி இல்லையென்றால் கொடியில் காயும் துணி, பாய்லர் புகை எதுவும் போதும். காற்று வரும் பக்கமாக, அதுவும் மேடான இடத்துக்கு நகருங்கள். குளோரின், ஹைட்ரஜன் சல்பைடு, சல்பர் டை ஆக்சைடு மூன்றும் காற்றைவிடக் கனமானவை. பள்ளம், சாக்கடை, பம்ப் குழி, படிக்கட்டுக்கு அடியில் போய்த் தேங்கும்.

அப்புறம் ஆட்களை எண்ணுங்கள். ஷிஃப்ட் பதிவேடு கையில் இருக்கட்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறை பட்டறைக்குப் பின்பக்கம் இருந்தால், இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். பதிவேட்டில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

தூசி மாஸ்க், என்95, நனைத்த கைக்குட்டை எதுவும் வேலை செய்வதற்கான பாதுகாப்பு இல்லை. நனைத்த துணி வெளியே ஓடிவரக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். கேட்ரிட்ஜ் மாஸ்க் என்றால் குளோரினுக்கும் ஹைட்ரஜன் சல்பைடுக்கும் பி வகை (சாம்பல் பட்டை), சல்பர் டை ஆக்சைடுக்கு இ வகை (மஞ்சள்), அம்மோனியாவுக்கு கே வகை (பச்சை). அளவு தெரியாத புகைக்குள்ளும் தொட்டிக்குள்ளும் இவை எதுவும் செல்லாது. அங்கே முதுகில் சிலிண்டர் கட்டிய மூச்சுக் கருவிதான் வேண்டும், அதில் பயிற்சி பெற்றவர்தான் போக வேண்டும்.

## மஞ்சள் பச்சைப் புகை, பிளீச்சிங் பவுடர் வாசம்

குளோரின். கண் எரியும், தொண்டை இறுகும், இருமல் நிற்காது. காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு. புகை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது.

### சிலிண்டரே இல்லாத பட்டறையில் வந்தால்

ஹைப்போகுளோரைட்டும் (துணி வெளுக்கும் திரவம், பட்டறையில் சுருக்கமாக ஹைப்போ) ஏதோ ஒரு அமிலமும் சந்தித்திருக்கின்றன. இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று, ஹைப்போ எடுத்த வாளியிலோ மக்கிலோ யாராவது ஆசிட் எடுத்தார்களா? இதுதான் அதிகம். கொஞ்சம் அளவுதான் என்பதால் கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறிக் காத்திருந்தால் அடங்கிவிடும். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

இரண்டு, சாக்கடை. ஹைப்போ தொட்டி கழுவிய தண்ணீரும் ஆசிட் ரூம் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் போகிறதா? புகை கலந்த இடத்தில் வராமல் இருபது அடி தள்ளி, வாய்க்கால் மூடியின் இடுக்கில் வரும். அதனால் எங்கே கசிகிறது என்று தேடுகிறவர்கள் தவறான இடத்தில் தேடுவார்கள். இரண்டில் எதை நிறுத்த முடியுமோ அதை மேல்முனையில் நிறுத்துங்கள்.

மூன்று, ஈடிபியில் அழுக்கைத் திரட்டப் போடும் பேக் (பாலி அலுமினியம் குளோரைடு), ஃபெரிக் குளோரைடு டோசிங். இரண்டும் அமிலத்தன்மை உள்ளவை. ஆசிட் என்று பெயரில் இல்லாததால் ஹைப்போ கேனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். டோசிங் பம்பின் உறிஞ்சு குழாயை மாற்றிப் போட்டாலும் இதே கதைதான்.

நான்கு, டேங்கர் லாரி தவறான தொட்டியில் இறக்குவது. செலவிலும் சேதத்திலும் இதுதான் பெரியது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து அட்சிசன் ஊரில் 2016 அக்டோபர் 21 அன்று சல்பூரிக் ஆசிட் லாரியை ஹைப்போ தொட்டியின் குழாயில் மாட்டிவிட்டார்கள். இரண்டு இறக்கு குழாய்களும் பக்கத்துப் பக்கத்தில், பார்க்க ஒரே மாதிரி. ஊர்மேல் குளோரின் மேகம் பரவி 140 பேருக்கு மேல் மருத்துவ உதவி தேடினார்கள். நம்மூர் யூனிட்டுகளில் பார்த்தால் இறக்கு வாய்கள் பெரும்பாலும் அதே நிலையில்தான் இருக்கின்றன: ஒரே அளவு கப்ளிங், பூட்டு இல்லை, எழுதிய பெயின்ட் உரிந்திருக்கும். இது நடந்தால் லாரி வால்வை மூடச் சொல்லுங்கள், பக்கத்தில் போகாமல் மூட முடிந்தால் மட்டும். உடனே தீயணைப்பு 101, அவசர எண் 112. தொட்டிக்குள் காஸ்டிக் சோடா (கடும் காரம்) ஊற்றிச் சமன் செய்யலாம் என்று யாராவது ஆரம்பித்தால் தடுங்கள். வெப்பம் கூடி இன்னும் வேகமாகப் பொங்கும்.

### சிலிண்டர் அல்லது டோனர் இருக்கும் இடத்தில் வந்தால்

சில பிளீச்சிங் யூனிட்டுகளிலும் குடிநீர் நிலையங்களிலும் 100 கிலோ சிலிண்டரும் 900 கிலோ டோனரும் (படுக்கவைக்கும் பெரிய உருளை) இருக்கும். ஒரு லிட்டர் திரவக் குளோரின் சுமார் 450 லிட்டர் வாயுவாகும். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்தால் கீழே சொல்லும் எல்லாமே புரியும்.

கசியும் இடத்தைப் பயிற்சி பெற்றவர், மூச்சுக் கருவியுடன், அம்மோனியா பாட்டிலின் ஆவியைக் காட்டிப் பார்ப்பார். கசிவு இருக்கும் இடத்தில் கெட்டியான வெள்ளைப் புகை எழும். அம்மோனியாத் திரவத்தைப் பித்தளை வால்வில் தெளிக்கக் கூடாது. சிலிண்டர் உடம்பில் பனி படிந்திருந்தால் அது மட்டும் கசிவுக்கு அடையாளம் இல்லை, வேகமாக இழுத்தாலும் பனி படியும்.

*இணைப்பில் புகை:* ஈய வாஷர். ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் புதிது போட வேண்டும். பழையதையே திருப்பிப் போட்டு ஸ்பேனரால் இறுக்குவதுதான் நம் பழக்கம். சிலிண்டர் வால்வை மூடினால் கசிவு நிற்கும். குழாயில் மிச்சம் உள்ளதைப் பயன்பாட்டுப் பக்கம் இழுத்துவிட்டு வாஷரை மாற்றுங்கள்.

*வால்வுத் தண்டைச் சுற்றிப் புகை:* வால்வை மூடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் கிளாண்ட் நட்டை (தண்டைச் சுற்றி இறுக்கும் நட்டு) மெதுவாக, கொஞ்சமாக இறுக்கலாம். ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீட்டிப் பலம் கொடுப்பது வேண்டாம். வால்வுத் தண்டு முறிந்தால் கதை வேறு.

*உடம்பிலோ, உருகு அடைப்பானிலோ (சூடு ஏறினால் உருகித் திறக்கும் அடைப்பான்):* டோனர் என்றால் கசியும் இடம் மேல்பக்கம் வரும்படி உருட்டுங்கள். கீழ்ப்பக்கம் இருந்தால் திரவம் வரும், மேல்பக்கம் இருந்தால் வாயு மட்டும்தான் வரும். 450 மடங்கு வித்தியாசம் இதுதான். குழாய் நல்ல நிலையில் இருந்தால் பயன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருங்கள், உள்ளே அழுத்தமும் வெப்பமும் குறையும். இதற்கு மேல் சப்ளையரின் அவசரக் குழுவும் மூடு கவசப் பெட்டியும் வந்தாக வேண்டும்.

கசியும் இடத்தில் தண்ணீர் அடிக்கவே கூடாது. ஈரக் குளோரின் இரும்பைத் தின்னும், ஊசித் துளை சிறிது நேரத்தில் விரல் துளை ஆகிவிடும். சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் தள்ளுவதும் அதே தவறுதான். காஸ்டிக் தொட்டி கட்டி வைத்திருக்கும் இடங்களில் கணக்கைச் சரிபாருங்கள்: 1 கிலோ குளோரினுக்கு 1.13 கிலோ காஸ்டிக் சோடா வேண்டும், ஒரு டோனருக்கு ஒரு டன்னுக்கு மேல். பல இடங்களில் தொட்டி இருக்கும், உள்ளே மழைத் தண்ணீர்தான் இருக்கும்.

## வெள்ளைப் புகை, மூக்கைத் துளைக்கும் புளிப்பு

ஹைட்ரோகுளோரிக் ஆசிட். வினிகர் வாசம் சேர்ந்து வந்தால் அசிட்டிக். சிறுநீர் நெடி மாதிரி வந்தால் அது அம்மோனியா, கீழே சொல்லும் சோடா ஆஷ் அதற்குப் பொருந்தாது.

எளிதில் இருந்து ஆரம்பியுங்கள். கேன் மூடி கழன்றிருக்கும். சேமிப்புத் தொட்டியின் மூச்சுக்குழாய் போகும் ஸ்கிரப்பரில் (புகையைத் தண்ணீரில் கரைக்கும் கருவி) தண்ணீர் வற்றியிருக்கும், வெயில் நாளில் இதுதான் முதல் சந்தேகம். பிறகு ஃபிளேஞ்ச் கேஸ்கெட், பம்ப் சீல். கடைசியாக ஃபைபர் தொட்டியில் விரிசல். ஈர விரிசல் கோடு கீழ்ப்பாதியில் தெரிந்தால் அன்றைக்கே தொட்டியைக் காலி செய்ய ஆள் கூப்பிடுங்கள், மேலே பூசி ஓட்ட வேண்டாம்.

தரையில் கொட்டியதற்கு மருந்து ஸ்டோரிலேயே இருக்கிறது. 30 சதவீத ஆசிட் 1 கிலோவுக்குச் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு போதும். 35 லிட்டர் கேன் ஒன்று முழுக்கக் கொட்டினாலும் 20 கிலோதான், ஆக ஒரு 50 கிலோ மூட்டை இரண்டு கேனுக்கு வரும். முதலில் மணலால் வாய்க்கால் வாயை அடையுங்கள். பிறகு வெளி ஓரத்தில் வளையமாகச் சோடா ஆஷ் தூவி உள்நோக்கி வாருங்கள். நடுவில் மூட்டையோடு கவிழ்த்தால் நுரை பொங்கி முழங்கால் வரை தெறிக்கும். நுரை அடங்கியதும் பிஎச் காகிதம் 6க்கும் 9க்கும் நடுவில் காட்டினால் கழுவலாம். காஸ்டிக்கைச் சோடா ஆஷுக்குப் பதிலாக எடுக்காதீர்கள். இரும்பு முறம், தகர டின் வேண்டாம், ஆசிட் இரும்பைத் தொட்டால் ஹைட்ரஜன் வரும். பிளாஸ்டிக் முறம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கைந்து கேனுக்கு மேல் கொட்டியிருந்தால், அல்லது புகை காம்பவுண்டைத் தாண்டினால், தீயணைப்புத் துறை. அவர்கள் தண்ணீரைப் பனிபோல் தூவிப் புகையை அமுக்குவார்கள். நாமே குழாயை நேராகக் குட்டையில் அடித்தால் ஆசிட் பரவும்.

## அழுகிய முட்டை வாசம், அல்லது வந்த வாசம் சட்டென்று நின்றது

ஹைட்ரஜன் சல்பைடு. இந்தப் பட்டியலில் ஆளைக் கொல்வதில் இதுதான் முதல். சல்பர் பிளாக் சாயம் ஓட்டும் யூனிட்டில் சோடியம் சல்பைடு இருக்கும். அதன்மேல் ஆசிட் பட்டாலோ, சல்பைடு கலந்த கழிவு நிற்கும் தொட்டியில் பிஎச் குறைக்க ஆசிட் விட்டாலோ கிளம்பும். சும்மா நாட்கணக்கில் தேங்கிய சேற்றிலிருந்தும் வரும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

மிகக் குறைந்த அளவில் வாசம் பலமாக இருக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கினால் மூக்கு மரத்துப்போகும். ஆகவே “வாசம் போயிடுச்சு, இறங்கலாம்” என்பதைவிட மோசமான வாக்கியம் ஈடிபியில் இல்லை. மூக்கை நம்பாமல் வாயு அளவி வைத்துப் பாருங்கள், 10 காட்டி அலறினால் வெளியே வந்துவிட வேண்டும்.

வாசம் லேசாக, திறந்த வெளியில்: ஆசிட் டோசிங் நிறுத்துங்கள், தூரத்திலிருந்து இயக்க முடிந்தால் காஸ்டிக் பம்பைப் போட்டு பிஎச்சை 10 பக்கம் ஏற்றுங்கள். வாயு எழுவது அடங்கும். தொட்டியைக் கலக்க வேண்டாம். கலக்கினால் அடியில் இருப்பதெல்லாம் ஒரே மூச்சில் மேலே வரும்.

சேறு அள்ளும் வேலைக்கு இடையில்: வேலை நிறுத்தம். புளோயர் வைத்துக் காற்றடித்து, அளவியைக் கயிற்றில் கட்டி அடி, நடு, மேல் என மூன்று மட்டத்திலும் பார்த்தபின்தான் மறுபடி யோசிக்க வேண்டும்.

தொட்டிக்குள் ஒருவர் விழுந்துவிட்டார்: யாரும் இறங்கக் கூடாது. தம்பியாக இருந்தாலும், மச்சானாக இருந்தாலும். மூடிய இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் எழுதி வைத்தது. இடுப்புவார், கயிறு, முக்காலி முன்கூட்டியே மாட்டியிருந்தால் மேலே நின்றே இழுக்கலாம். இல்லையென்றால் 101ஐ அழைத்து, உள்ளே காற்றடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் வழி. கேட்கக் கொடுமையாக இருக்கும், தெரியும். வெளியே எடுத்தபின் வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள்.

## பட்டாசு கொளுத்திய நெடி, டிரம் சுடுகிறது

ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட் பவுடர்) டிரம். கொஞ்சம் ஈரம் பட்டாலே தானாகச் சூடாகி, சல்பர் டை ஆக்சைடு கக்கி, பற்றிக்கொள்ளும். காரணங்கள் எல்லாமே பைசா பெறாதவை: ஈரக் கையோடு போட்ட அள்ளும் கரண்டி, மூடாத மூடி, உள் பாலித்தீன் பை கிழிந்தது, கூரை ஒழுக்கு, கழுவிய தரையில் பலகை இல்லாமல் வைத்தது. ஐப்பசி கார்த்திகையில் ஸ்டோர் ரூமை ஒரு சுற்று சுற்றினாலே பாதியைத் தடுக்கலாம்.

### தரையில் சிந்தியது, உலர்ந்திருக்கிறது, சூடு இல்லை

உலர்ந்த பிளாஸ்டிக் முறத்தால் உலர்ந்த வாளியில் அள்ளுங்கள். பழைய டிரம்மில் திருப்பிக் கொட்டாதீர்கள். திறந்த வெளியில், நிறையத் தண்ணீரில், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஈடிபிக்கு அனுப்பலாம். ஈடிபி ஆளிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள், ஹைட்ரோஸ் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும்.

### டிரம் வெதுவெதுப்பு, புகை இல்லை

டிராலியில் வெட்டவெளிக்கு. மற்ற டிரம், ஆசிட், ஹைப்போ, பஞ்சு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூடியை இறுக்கவும் வேண்டாம், முகத்தை மேலே வைத்துத் திறந்து பார்க்கவும் வேண்டாம்.

### புகைகிறது

டிரம்மைத் தொடாதீர்கள், ஆட்களை வெளியேற்றுங்கள். இங்கேதான் எல்லோரும் குழம்புவது. உலர்பவுடர் சிலிண்டர், கார்பன் டை ஆக்சைடு, மணல் எதைப் போட்டு மூடினாலும் அணையாது, ஏனென்றால் இது எரிய வெளிக் காற்றே தேவையில்லை. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம், எரிகிற வேகம் கூடும். தூரத்திலிருந்து, காற்று வரும் பக்கம் நின்று, ஹைட்ரன்ட் ஹோஸால் வெள்ளமாக அடித்தால்தான் நிற்கும். அந்த அளவு தண்ணீர் இல்லாத யூனிட் என்றால் பக்கத்துச் சரக்கை அகற்றிவிட்டு, அதுவும் புகை எட்டாத பக்கம் மட்டும், தீயணைப்பு வண்டிக்குக் காத்திருங்கள். போனில் ஹைட்ரோஸ் என்றால் அவர்களுக்குப் புரியாமல் போகலாம், ஐநா எண் (ஒவ்வொரு அபாயப் பொருளுக்கும் உள்ள சர்வதேச அடையாள எண்) 1384 என்று சொல்லுங்கள்.

## கேன் உப்பியிருக்கிறது, உள்ளே குமிழ் சத்தம்

50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. மூச்சுவிடும் மூடிக்குப் பதில் சாதா மூடி போட்டிருப்பார்கள், அல்லது வெயிலில் கிடந்திருக்கும். இவை இரண்டும் இல்லையென்றால், மிச்சத்தைத் திருப்பி ஊற்றி அழுக்கோ துருவோ காஸ்டிக்கோ உள்ளே போயிருக்கிறது. இந்த மூன்றாவதுதான் பெரிய ஆபத்து.

புறங்கையைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் நிழலுக்கு மாற்றி, முகக்கவசம் போட்டு, பக்கவாட்டில் நின்று மூடியைக் கால் சுற்று தளர்த்தலாம். சூடாக இருந்தால், சீறினால், ஆவி வந்தால் விலகி நின்று வெளியிலிருந்து தண்ணீரைப் பாய்ச்சுங்கள். கொட்டியதற்கும் தண்ணீர்தான். மரத்தூள், சாக்கு, பனியன் வேஸ்ட் போட்டுத் துடைத்தால் துடைத்த துணி சற்று நேரம் கழித்துத் தீப்பிடிக்கும். நனைந்த சட்டையையும் தோல் செருப்பையும் உடனே தண்ணீரில் போடுங்கள்.

## செம்பழுப்புப் புகை

நைட்ரிக் ஆசிட். சாயப்பட்டறையில் அரிது, பித்தளை, வெள்ளிப் பட்டறைகளில் சகஜம். மரத்தூள் வேண்டவே வேண்டாம். சுவாசித்தவர் நன்றாக இருப்பதுபோல் நடமாடுவார், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே ஆஸ்பத்திரியில் 24 முதல் 48 மணி நேரம் கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள். குளோரின் பலமாக இழுத்தவருக்கும் இதே எச்சரிக்கைதான்.

## புகை இல்லை, எண்ணெய் மாதிரித் திரவம்

பிஎச் காகிதம் வைத்துப் பாருங்கள். சிவந்தால் சல்பூரிக் ஆசிட்: மணலால் கரை கட்டி, உலர்ந்த மணலில் உறிஞ்சி, அப்புறம் சோடா ஆஷ் ஓரத்திலிருந்து. 98 சதவீதம் என்றால் 1 கிலோவுக்கு 1 கிலோவுக்கு மேல் சோடா ஆஷ் பிடிக்கும். முதலில் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும். நீலமானால், விரலிடுக்கில் வழுக்கினால் (தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை, செருப்பு வழுக்கினாலே தெரியும்) காஸ்டிக் லை: கரை கட்டி, பம்ப் செய்து மீட்டு, மிச்சத்தை நிறையத் தண்ணீரால் கழுவி ஈடிபிக்கு. அலுமினியப் பாத்திரம் பக்கத்தில் வரக் கூடாது.

## உடம்பில் பட்டது, மூச்சில் போனது

உடையைக் கழற்றுங்கள், வெட்கம் பார்க்க நேரமில்லை. ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம், காஸ்டிக் என்றால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல். கண்ணை இமை விரித்துப் பிடித்துக் கழுவ ஒருவர் கூட இருக்க வேண்டும். ஆசிட் பட்ட தோலில் சோடா, காஸ்டிக் பட்ட தோலில் எலுமிச்சை, எதன் மேலும் எண்ணெய் என்ற வைத்தியம் எதுவும் வேண்டாம்.

புகை இழுத்தவரைச் சாய்ந்தாற்போல் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள், 108 கூப்பிடுங்கள். வெல்லம், வாழைப்பழம், பால் கொடுப்பது மில் காலத்துப் பழக்கம். மூச்சுக் குழாயில் நடந்த சேதத்துக்கு வயிற்றில் போகும் வெல்லம் ஒன்றும் செய்யாது.

## போனில் என்ன சொல்வது

பொருள் பெயர், ஐநா எண், சுமார் எவ்வளவு, காற்றுத் திசை, உள்ளே ஆள் இருக்கிறாரா, வண்டி எந்த வாசலுக்கு வர வேண்டும். எண்களை ஸ்டோர் கதவின் வெளிப்பக்கம் எழுதிவையுங்கள்: குளோரின் 1017, ஹைட்ரோகுளோரிக் 1789, ஹைப்போ 1791, சல்பூரிக் 1830, சோடியம் சல்பைடு 1849, பெராக்சைடு 50 சதவீதம் 2014, நைட்ரிக் 2031, ஹைட்ரோஸ் 1384. உள்பக்கம் ஒட்டினால் தேவைப்படும் நேரத்தில் யாரும் போய்ப் படிக்க முடியாது. ஊருக்குள் புகை போகிறது என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் சொல்லியாக வேண்டும்.

## அள்ளிய மணலை என்ன செய்வது

மணலும் சோடா ஆஷ் சேறும் அபாயகரக் கழிவு. குப்பை வண்டியில் ஏற்ற முடியாது, கும்மிடிப்பூண்டியில் உள்ளதுபோன்ற அங்கீகரிக்கப்பட்ட கழிவு மையத்துக்குத்தான் போக வேண்டும். ஆசிட் மணல், ஹைப்போ மணல், சல்பைடு சேறு மூன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். ஒன்றாகப் போட்டால் மறுபடி மஞ்சள் பச்சைப் புகைத் தலைப்புக்கோ முட்டை வாசத் தலைப்புக்கோ திரும்பி வருவீர்கள். முதல் ஒரு நாள் மூடியை இறுக்க வேண்டாம், சோடா ஆஷ் உள்ளே இன்னும் வாயு விட்டுக்கொண்டிருக்கும்.